தூள் பாயின் நாக்கு

பிழிந்த கையிலிருந்து சொட்டு விழும்வரை ஹனீஃபா கண்ணைத் திறப்பதில்லை. ஈரத் தூளை ஒரு கைப்பிடி அள்ளி, முகத்துக்கு மேல் உயர்த்தி, முஷ்டியை இறுக்குகிறார். விரலிடுக்கில் பழுப்பாக நீர் திரண்டு வருகிறது. அண்ணாந்த வாயில் ஒரு சொட்டு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிறார், பக்கவாட்டில் திரும்பித் துப்புகிறார், அதற்குப் பிறகுதான் கண் திறக்கிறது. "இன்னும் கடல்லதான் கீது" என்கிறார். தொட்டியின் அடியில் செருகியிருக்கும் துணியை உருவிவிட, காப்பி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. மறுபடியும் குழாயைத் திறக்கிறார்.

முடிச்சூரில், புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளுக்கு நடுவே, இன்னும் மதில் கட்டாத ஒரு மனையில் பச்சை வலைக் கூரைக்குக் கீழே இந்தக் காரியம் நடக்கிறது. தொட்டியில் ஊறுவது, தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்த பிறகு ஆலைகளில் குவிந்து யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் தூள். கடலோரத்து ஆலைகளில் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவதால் தூளிலும் உப்பு ஏறிவிடுகிறது. அந்தத் தூளை அலசியெடுத்து, அதில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்பது ஹனீஃபாவின் தொழில். ஹனீஃபா என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் வழி சொல்ல ஆளில்லை. தூள் பாய் என்று கேட்க வேண்டும்.

உப்பைப் பற்றி அவரிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு. 'கடல்ல கீது' என்றால் இன்னும் பல தடவை அலச வேண்டும். 'கரையேறிட்ச்சி' என்றால் இன்னும் ஒரு தண்ணீர் போதும். கடைசித் தீர்ப்பு 'குடிக்கலாம்'. யாரும் குடிப்பதில்லை, விதை போடலாம் என்று அர்த்தம்.

நான் சேலையூர்க்காரன். மொட்டை மாடியில் நாலு தக்காளிச் செடி வைக்கும் ஆசையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவன், போன வேகத்தில், "மண்ணு எங்க பாய்?" என்று கேட்டுவைத்தேன். அவர் சுற்றிலும் இருந்த கட்டடங்களை ஒரு தடவை பார்த்தார். "மண்ண பிளாட்டு போட்டு வித்துட்டாங்கோ சார். மிச்சம் கீறது குப்பதான். அதுல இன்னா வருதுன்னு பாத்துகினு கீறேன்" என்றார். குறைபட்டுக்கொள்ளும் குரலே இல்லை அது. கடையில் இன்று என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்பவரின் குரல்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வாங்கும்போது வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பனியன் இப்போது டீ வடிகட்டும் துணியின் நிறத்தில் இருக்கிறது. தாடியில் எப்போதும் கொஞ்சம் தூள். "தொழுவுற தொப்பியிலகூட தூளு. ஜமாத்துல பக்கத்துல நிக்கறவரு தும்மறாராம்" என்று சொல்லிச் சிரிப்பவர் அவர் மனைவி சாஜிதா. பேசும்போது ஹனீஃபாவின் கை சும்மா இருக்காது. மேசையில் தூள் கிடந்தால் அள்ளிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும்.

பரம்பரையாக மெத்தை வியாபாரம். கேம்ப் ரோட்டில் அண்ணன் ஷாகுலோடு சேர்ந்து கடை வைத்திருந்தார். நார்க்கட்டைப் பிரிக்கும்போது கொட்டும் தூள் கடைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் இருமல் என்று சண்டைக்கு வருவார்கள். அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இந்த மனையில் கொட்டும் வேலை தம்பி தலையில் விழுந்தது. ஒரு மழைக்காலம் கழித்து வந்து பார்த்தால், குவியலின் உச்சியில் ஒரு தக்காளிச் செடி நின்றிருக்கிறது. யாரோ தின்றுவிட்டு எறிந்த அழுகல் பழத்தில் முளைத்தது. பிடுங்கினார். வேர் அறுபடாமல், வெள்ளையாக, சேமியாபோல் மொத்தமாகக் கையோடு வந்தது. "மண்ணுல புடுங்குனா பாதி வேரு உள்ளயே நின்னுடும் சார். இது எனக்கு மொத்தமா குடுத்துட்ச்சி" என்கிறார்.

அந்த உற்சாகத்தில் புதுத் தூளை வாங்கி விதை போட்டார். எல்லாம் முளைத்தது, எல்லாம் கருகியது. பழைய குவியலில் மட்டும் செடி வந்ததற்குக் காரணம், ஒரு மழைக்காலம் முழுக்க வானம் அதை அலசிக் கொடுத்திருக்கிறது என்று புரியச் சில மாதங்கள் பிடித்தன. அன்றுமுதல் நாக்கு வேலைக்கு வந்தது. ஒரு முறை மீட்டர்கூட வாங்கினார். உப்பு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் கருவி. நன்றாகத்தான் காட்டியதாம். ஒரு நாள் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. "அத்தயும் சேத்து அலசிட்டேன்" என்றார் முகம் மாறாமல்.

வெறும் நார்த்தூள் செடிக்குச் சோறு போடாது, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் மதுராந்தகம் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றை வடிகட்டி ஒதுக்கும் சேற்றைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் ஆறப்போடுகிறார். அரிசி ஆலையில் எரித்த உமியைச் சலித்துக் கலக்குகிறார். மூன்றும் மூன்று ஆலைகள் காறித்துப்பியவை. கரும்புச் சேறு வந்து இறங்கும் வாரம் வாடை குடலைப் பிடுங்கும். பக்கத்து அடுக்குமாடியின் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "பாய், குடியிருக்கிற எடத்துல இது நியாயமா?" என்று கேட்டபோது நானும் இருந்தேன். "நாறும் சார். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆறுற வரைக்கும் ஜன்னல சாத்திக்குங்கோ" என்றார் ஹனீஃபா. எதிராளி மறுப்பான் என்று எதிர்பார்த்துச் சண்டைக்கு வந்தவர் மூக்கைப் பொத்தியபடியே திரும்பிப் போய்விட்டார். ஜன்னல்களும் சாத்தப்பட்டன.

நாற்று தயாராகிவிட்டதா என்பதற்கு அவர் வைக்கும் பரீட்சை வாங்க வந்தவர்களைப் பதற வைக்கும். குழித்தட்டிலிருந்து ஒரு செடியைத் தண்டைப் பிடித்துத் தூக்குவார். தட்டிலிருந்து இட்லி வருவதுபோல வேரும் தூளுமாக ஒரு கட்டி வரும். அதை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுவார். உடைந்தால் அந்தத் தட்டு இன்று விற்பனைக்கில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது.

அவரிடம் ஒரே ஒரு வேலையாள், கனகவல்லி. அவரைவிடச் சில வயது மூத்தவர், முன்பு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவியவர். குழிக்குள் விதை வைக்கும்போது நகக்கண் அளவுக்குமேல் விரல் இறங்காது. வாயில் வெற்றிலை, கூடவே புகையிலை. வெற்றிலையும் சுண்ணாம்பு டப்பாவும் புகையிலையும் வைத்த சுருக்குப்பை இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. "சோறு இல்லாட்டி பரவால்ல, இது இல்லாட்டி பேஜாரு" என்பார். முதலாளி பாய், தொழிலாளி அக்கா. அதட்டல் மட்டும் பெரும்பாலும் அக்காவிடமிருந்து பாய்க்குப் போகும்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால்தான் ஹனீஃபாவைச் சொன்னதாகும்.

அவர் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து ரமலான் மாதம் மழையை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. மழையில் விதைப்பு கிடையாது, தொட்டி காலியாக இருக்கும், நோன்புக்கும் நாக்குக்கும் தகராறு வரவில்லை. ஆனால் பிறைக் கணக்கு வருடத்துக்கு வருடம் முன்னால் நகரும் அல்லவா? 2007இல் அது நேராக வந்து விதைப்பின்மேல் உட்கார்ந்தது. மழைக்கு முன்பே நாற்று வேண்டும் என்று எல்லோரும் கேட்கிற புரட்டாசி. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாத பகல்கள்.

அவசியத்துக்கு ருசி பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொன்னார். ஹனீஃபா கேட்கவில்லை. "அவுரு சொல்றது கரெக்டுதான் சார். ஆனா பகலெல்லாம் காஞ்சி கெடக்குற தொண்ட கீதே, அதுக்கு சட்டம் தெரியுமா? ஒரு சொட்டு கண்டா இஸ்துக்கும்" என்றார். சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு பார்க்கலாமே என்று நான் கேட்டேன். "தொறந்த வாயில கஞ்சி உப்பு, வடை உப்பு. அந்த நாக்கு எதுக்கு ஆவும்? அதுவுமில்லாம, வெத போடுற வேல வெளிச்சத்துல நடக்கணும்." சாஜிதாவும் நோன்பு. ஆக, அந்தப் பொறுப்பைக் கனகவல்லியிடம் கொடுத்தார்.

கனகவல்லி பெருமையோடு செய்தார். பாயைப் போலவே கண்ணை மூடினார், பிழிந்தார், துப்பினார். "குடிக்கலாம் பாய்" என்றார். இரண்டாம் தண்ணீரிலேயே அப்படிச் சொன்னார். இவ்வளவு சீக்கிரமா என்று ஹனீஃபாவுக்கு ஒரு கணம் தோன்றியது. நல்ல தூள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். முப்பது வருடமாகச் சுண்ணாம்பிலும் புகையிலையிலும் வெந்த நாக்குக்கு உப்பென்ன, கடலென்ன? தினமும் பக்கத்தில் நின்று அந்த வாசனையை முகர்ந்தவருக்கு இது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

அந்தத் தூளில் விதைத்தது முழுவதும் ஹில்டாவின் கத்தரி. ஹில்டா ஏரிக்கரையை ஒட்டிக் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். நிலத்தில் ஏற்கெனவே மனைக் கற்கள் நட்டாகிவிட்டது. தை முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்பது பேச்சு. ஐப்பசி பிறக்கும்போது நட்டால் தைக்குள் காய் பறிக்கலாம். ஒரு மாதம் தள்ளிப்போனால் பூப்பிடிக்கும்போது சுவர் எழுப்ப ஆள் வந்து நிற்பார்கள். குத்தகை, உரம், உழைப்பு எல்லாம் அந்த ஒரு பருவத்தில் கிடந்தது.

முளைத்த நாற்று இரண்டாவது இலை விட்டதும் நுனி கருகத் தொடங்கியது. ஹனீஃபா பார்த்தார், ஒரு செடியை எடுத்துத் தூளை உதிர்த்தார், பழுப்பாகச் சுருண்ட வேரைப் பார்த்தார். அதற்கு நாக்கு தேவைப்படவில்லை.

நாற்றுத் தொழிலில் இதற்கெல்லாம் வழக்கமான பதில்கள் உண்டு. விதை சரியில்லை, வெயில் அதிகம், பூச்சி. வாங்குபவரால் எதையும் நிரூபிக்க முடியாது. ஹனீஃபா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனார். கற்களுக்கு நடுவே நாற்று நட மண்ணை வெட்டிப் பார் பிடித்துக்கொண்டிருந்த ஹில்டாவின் முன்னால் நின்று, "ஹில்டாம்மா, உன் நாத்து கருகுது. உப்பு நிக்குது. அலசுனது பத்தல. தப்பு என்னுது" என்றார்.

ஹில்டா மண்வெட்டியை ஊன்றி நின்றார். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க பாய்" என்றார். பிறகு, "எவ்ளோ பொழைக்கும்?"

"தெரியாதும்மா."

"வேற வெதை போட்டா?"

"நாள் பத்தாது. அது உனக்கே தெரியும். கீறத காப்பாத்திப் பாக்கறேன்."

இதை எனக்கு ஹில்டாதான் சொன்னார். "வாய்க்கு வந்தபடி திட்டணும்னுதான் சார் வந்துச்சு. மனுசன் நோம்பு வச்ச வாயோட வெயில்ல நின்னு, தெரியாது, தெரியாதுன்னு உண்மைய சொல்லிட்டிருக்காரு. எப்படித் திட்டறது?" தப்பு செய்யாத மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. செய்த தப்பைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கி வைக்கிறவர்களை அதைவிடக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஹனீஃபாமேல் எனக்கு மரியாதை பிறந்த இடம் அந்த ஏரிக்கரைதான்.

காப்பாற்ற ஒரே வழி, ஒவ்வொரு செடியாக எடுத்து, வேரை நல்ல தண்ணீரில் அலசி, புதிதாகக் கழுவிய தூளில் மறுபடி வைப்பது. மறுநாள் காலையில் கனகவல்லி வழக்கத்துக்கு முன்பே வந்து, குழாயடியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஹனீஃபா போய்ப் பக்கத்தில் நின்றார்.

"உன் நாக்கு மேல தப்பு இல்லக்கா. வெத்தில போடுறன்னு தெரிஞ்சிகினே அத்த வாடகைக்கு எடுத்தவன் நானு."

"போ பாய். சும்மா சொல்லிக்கினு" என்றார் கனகவல்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈர்க்குச்சியை எடுத்துச் செடிகளைக் கிளப்ப உட்கார்ந்தார்.

ஆனால் புதுத் தூளை ருசி பார்ப்பது யார்? தொட்டியைச் சுற்றி அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தபோது ஹில்டா வந்து சேர்ந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "எனக்கும் நாக்கு இருக்கில்ல பாய்? என் செடி, நான் பாக்கறேன்" என்றார். முதல் சொட்டிலேயே முகம் கோணி, காறித் துப்பி, "ஐயோ, கடலு" என்றார். யாரும் அவருக்கு அந்தச் சொல்லைக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. ஹனீஃபா அன்று முதல்முறையாகச் சிரித்தார். தண்ணீர் மாற்றி மாற்றிப் பகல் கழிந்தது. ஹில்டா 'குடிக்கலாம்' என்று சொல்லும்வரை யாரும் நகரவில்லை.

நாற்றில் பாதிக்குமேல் பிழைத்தது. மேல்பாதி நிலத்தில் கத்தரி நட்டு, நாற்று பற்றாத கீழ்ப்பாதியில் ஹில்டா கீரை விதைத்தார். தை முழுக்கப் பறித்தார். முழுசாக வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் சொல்கிறார், அதில் பொய் இல்லை. இப்போது அந்த நிலத்தில் மதில் நிற்கிறது. ஹில்டா வேறு இடத்தில் குத்தகை பிடித்திருக்கிறார். நாற்று மட்டும் தூள் பாயிடம்தான். தட்டைத் தூக்குமுன் தூளைப் பிழிந்து நாக்கில் விட்டுப் பார்க்கிறார். ஹனீஃபா வருத்தப்படுவதில்லை, கூட நின்று, "இன்னா சொல்லுது?" என்று கேட்கிறார்.

இந்த வருடம் ரமலான் இன்னும் முன்னால் வந்துவிட்டது. ஆவணியிலேயே. ஹனீஃபா வேறு ஆள் தேடவில்லை. தேட வேண்டியிருக்கவும் இல்லை. ஆடி பிறந்தபோதே கனகவல்லி புகையிலையை விட்டுவிட்டார். வெற்றிலை மட்டும், அதுவும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு. யாரும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. காலையில் வந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்துக் கொட்டகைத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுகிறார். தலைவலி. எரிச்சல். குழித்தட்டுகள் வாங்கிய வசவுக்குக் கணக்கில்லை. "இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்று தக்காளி நாற்றைக் கேட்டதை என் காதால் கேட்டேன். நோன்பு தொடங்கும்வரை தினமும் ஒரே தொட்டியில் முதலில் கனகவல்லி பார்ப்பார், பிறகு ஹனீஃபா பார்ப்பார். ஆரம்பத்தில் ஒருவர் கடலில் இருக்க மற்றவர் கரையில் இருந்தார். கடைசி வாரத்தில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான் கடைசியாகப் போனது நோன்பு நாளொன்றின் பிற்பகலில். சர்க்கரை ஆலை லாரி தாமதமாக வந்ததால் கனகவல்லி வீட்டுக்குக் கிளம்பவில்லை. தொட்டியில் அன்றைய கடைசித் தண்ணீர். அவர் தூளைப் பிழிந்து, கண் மூடி, நாக்கில் விட்டுத் துப்பினார். ஹனீஃபா அவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். "இன்னும் ஒரு தண்ணி வுடு பாய்" என்றார் கனகவல்லி. ஹனீஃபா மறுபேச்சில்லாமல் குழாயைத் திறந்தார். அது வடிந்த பிறகுதான், "இப்ப குடிக்கலாம்" என்று வந்தது. இருக்கிற வெளிச்சத்தில் அவசர அவசரமாகத் தட்டுகளை நிரப்பினார்கள்.

பொழுது சாயும் நேரம் சாஜிதா தூக்கில் நோன்புக் கஞ்சியும், ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார். ஹனீஃபா கை கால் கழுவி, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, சாக்கில் வந்து உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. சற்றுத் தள்ளிக் கனகவல்லி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹனீஃபா ஒரு பழத்தை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. வாய்வரைக்கும் போன கை நின்றது. பழத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு ஹனீஃபா எழுந்தார். தூணில் மாட்டியிருந்த சுருக்குப்பையை எடுத்து, அந்த வலது கையாலேயே கனகவல்லியிடம் நீட்டினார். கனகவல்லி வாங்கினார், பிரித்தார், ஒரு வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, மடித்து வாயில் வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஹனீஃபா உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை மறுபடி எடுத்தார்.